ஆள்காட்டியின் நான்கு முட்டைகள்

அந்தக் காலத்தில் வெந்த முட்டை ஆறினால் மறுபடி பச்சையாகிவிடும். திரிந்த பாலும் அப்படித்தான், மூடி வைத்தால் சாயங்காலத்துக்குள் பாலாகிவிடும். பறப்பதும் ஊர்வதும் வாய்விட்டுப் பேசிய காலம் அது. நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்தது இதுதான்.

அப்போதைய உயிர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். உடம்பு என்பது இழை. கண்ணுக்குத் தெரியாத இழை. இருபது வகை மணிகளை முன்னும் பின்னுமாகக் கோத்த சரம். சரம் சரமாகவே கிடந்தால் ஒன்றுக்கும் ஆகாது. மடிய வேண்டும். மணிகள் எந்த வரிசையோ அந்த மடிப்பு. எந்த மடிப்போ அந்த வேலை. ஒரு மடிப்பு இறகாகும், நகமாகும். ஒரு மடிப்பு இரத்தத்தில் மூச்சைச் சுமக்கும். இன்னொன்று தின்ற புழுவை வயிற்றில் கரைக்கும். மடித்துவிட ஆள் கிடையாது. இழையே தன் வழி பார்த்து மடிந்துகொள்ளும்.

இழைக்குத் தண்ணீரைக் கண்டால் கூசுகிற பக்கம் ஒன்று உண்டு. அதை உள்ளே ஒளித்துக்கொண்டுதான் மடியும். வெயிலோ தீயோ பட்டால் மடிப்பு அவிழ்ந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிடும். கூட்டத்தில் சேலை அவிழ்ந்தவள் மாதிரி நிற்கும். அப்போதுகூடக் கெட்டுப்போகாது. நிழலில் வைத்து, குளிரவிட்டு, சுற்றி யாரும் சத்தம் போடாமல் இருந்தால் போதும். மெல்ல மெல்லப் பழைய மடிப்புக்கே திரும்பிவிடும். சத்தம் கேட்டால்தான் வினை. மிரண்டுபோய்ப் பக்கத்தில் நிற்கும் இழையைக் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டால் விடாது.

ஆகவே ஒவ்வொரு கண்மாயிலும் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வளையில் யாருக்குச் சுரம் கண்டாலும், எந்த முட்டை வெயிலில் வெந்தாலும், கண்மாய்க்கே வாய்க்கட்டு. தவளைகூட வாயைத் திறக்காது. பனைமரத்தின் நிழல் மேற்கிலிருந்து கிழக்குக்குத் திரும்பி நீளும்வரை மூச்சு வெளியே வராது. ஆள்காட்டிக் குருவிகளை மட்டும் யாரும் நம்பவில்லை. வாய்க்கட்டு விழுந்தால் ஆள்காட்டி அக்கரைக்குப் போய்விட வேண்டும். அதுவும் வழக்கம்தான்.

ஆள்காட்டிமேல் தப்புச் சொல்ல முடியாது. அதற்கு வேலையே காவல். யார் வந்தாலும் கத்தும். ஓர் ஆள்காட்டி கத்தினால் அடுத்த கண்மாய் ஆள்காட்டி அதை வாங்கிக் கத்தும். அதைக் கேட்டு அதற்கு அடுத்தது. வருகிறவன் வேண்டியவன் என்றால் தூரத்திலேயே குரல் கொடுத்துவிடுவான். குரல் கொடுக்காமல் வருகிறவன் திருடன். ஆள்காட்டிக்குத் தெரிந்த சட்டம் அந்த ஒன்றுதான்.

கீழக்கண்மாயில் மூக்காயி என்று ஓர் ஆள்காட்டி இருந்தாள். புருஷன் காத்தமுத்து. அவள் பேசினால் ஏழு வயல் தாண்டிக் கேட்கும். அவனோ கேட்டதற்குப் பதில் சொல்வதே அதிகம். அந்த வருஷம் மாசியில் அவள் இட்ட முட்டைகளைக் கிடைமாடு மிதித்துப் போட்டது. பங்குனியில் இட்டதைக் காக்காய் தூக்கிக்கொண்டு போனது. சித்திரையில் மூன்றாம் தடவையாக நான்கு முட்டை இட்டாள். கோடையில் இனிமேல் கிடையாது. உடம்பில் தெம்பும் இல்லை. கண்மாய்க்குள் வெட்டவெளியில் நாலு சரளைக்கல்லை ஒதுக்கிவிட்டு, அந்தக் குழியில் இட்டிருந்தாள். இட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. உள்ளே குஞ்சு இல்லை. தண்ணீரும் இழையும்தான். எது அலகாகப் போகிறது, எது காலாகப் போகிறது என்று அவளுக்கு மட்டும் தெரிந்த மாதிரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாள் உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் கரையிலிருந்து உடும்பு இறங்கியது. காத்தமுத்து இரை தேடப் போயிருந்தான். மூக்காயி எழுந்தாள்.

"நில்லு. எங்க வர்றே?"

"தண்ணி குடிக்க" என்றது உடும்பு. "மடைக்கிட்ட கொஞ்சம் கெடக்குன்னாக."

"போன மாசமும் ஒருத்தன் தண்ணி குடிக்கத்தான் வந்தான்."

"அது காக்கா. நான் உடும்பு. கறுப்பா இருக்கிறவனெல்லாம் ஒருத்தனா?"

மூக்காயி விடவில்லை. தலைக்கு மேலே பறந்து கத்தினாள். ஒரு சிறகை ஒடிந்ததுபோலத் தொங்கவிட்டு அதன் கண்ணெதிரே இழுத்துக்கொண்டு ஓடினாள். முட்டை இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். அடித்துத் தின்னலாம் என்று எவனும் பின்னாலேயே வருவான். அதுதான் அவள் வித்தை. உடும்பு நின்று பார்த்தது.

"ஏத்தா, அந்தச் சிறகு நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெரியும். நான் மடைக்குத்தான் போகணும். நீ பாட்டுக்கு ஓடு."

"மடைக்குத்தான் போறியான்னு நான் பாக்கணும்."

"பாரு. தாகத்துல செத்தாலும் பாரு."

பாதி தூரம் போனபோது புதருக்குள்ளிருந்து கவுதாரி எட்டிப் பார்த்தாள். "மதினி, விட்டுத் தொலை. வெயில் ஏறுது. முட்டை மேல ஒரு இலைகூட இல்ல."

"வெந்தா ஆறிக்கிரும்" என்றாள் மூக்காயி. அப்போது எந்தப் பறவையும் வெயிலுக்குப் பயந்ததில்லை. உடும்பு மடைக்குப் போய், சேற்றில் வாய் வைத்து, வயிறு முட்டக் குடித்து, திரும்பிக் கரையேறி மறைகிறவரை அவள் கூடவே போனாள். காவலில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

திரும்பி வந்தபோது கல் சுட்டது. முட்டை அதைவிடச் சுட்டது. அலகால் லேசாக அசைத்தாள். உள்ளே தண்ணீர் ஆடவில்லை. நான்குமே அப்படித்தான்.

வெந்தால் ஆறிக்கொள்ளும் என்று சொன்ன அதே வாயில் இப்போது எச்சில் இல்லை. இரண்டு தடவை பறிகொடுத்தவள். ஆவாரஞ்செடிக்கு ஓடினாள். அங்கே ஒச்சாயி என்ற சிலந்தி இருந்தாள். இழையைப் பற்றி அவளிடம்தான் கேட்க வேண்டும். அவள் வயிற்றுக்குள் தண்ணீராக இருப்பது வெளியே வரும்போது நூலாகிவிடும். எப்படி மடிந்தால் தண்ணீர், எப்படி நீண்டால் நூல் என்று அவளுக்குத் தெரியும்.

ஒச்சாயி வந்தாள். முட்டையின் ஓட்டில் ஒரு காலை வைத்தாள். பிறகு இன்னொரு காலை. நான்கு முட்டைக்கும் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நல்லா வெந்துபோச்சு" என்றாள்.

"திரும்புமா?"

"திரும்பாம? எல்லா இழையும் அவுந்து நிக்கிது. ஒண்ணை ஒண்ணு கட்டிக்கல. ஆனா அடியோட அவுந்திருக்கு. இவ்வளவு வெந்து நான் பாத்ததில்ல. பொழுது சாயிறவரைக்கும் ஆகும். நிழல் வேணும். சுத்தி ஈரம் வேணும். சத்தம் ஆகாது." பிறகு மூக்காயியை நிமிர்ந்து பார்த்தாள். "நீ அக்கரைக்குப் போயிரு."

"எதுக்கு?"

"வழக்கம். ஆள்காட்டி அக்கரைக்குப் போகணும்."

"அடுத்தவ முட்டைன்னா போகலாம். இது என் முட்டை. நான் எந்திரிச்சா வெயில் விழும்."

"கவுதாரி நிப்பா நிழலுக்கு."

"கவுதாரி உசரம் என்ன, என் உசரம் என்ன. நான் வாயே திறக்க மாட்டேன் அக்கா."

புதருக்குள்ளே யாரோ சிரித்தார்கள். முயலாக இருக்கலாம். ஒச்சாயி சிரிக்கவில்லை.

காத்தமுத்து அதற்குள் வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "போயிரலாம் புள்ள."

"நீ போ மச்சான். போயி ஈரம் கொண்டா. ரெண்டு வாட்டி நான் பக்கத்துல இல்லாதப்பத்தான் போச்சு. மூணாவது வாட்டி இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

அவன் மடைப் பக்கம் திரும்பினான். அவள் சொன்னது பொய்யும் இல்லை. ஒச்சாயி எட்டுக் காலையும் மடக்கிக்கொண்டு முட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். "உன் இஷ்டம். ஒரு சத்தம் வந்தாலும் நாலும் போயிரும். அப்புறம் என்னைக் கேக்காதே."

"எல்லாருக்கும் சொல்லிரு மச்சான்" என்றாள் மூக்காயி. "யாரும் குரல் குடுக்கக் கூடாது. நீயும்தான். மூச்."

வாய்க்கட்டுக்கு முன்னால் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

வாய்க்கட்டு விழுந்தது. தவளை சேற்றுக்குள் போனது. சில்வண்டு நின்றது. கவுதாரி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் அமுக்கிக்கொண்டாள். மூக்காயி முட்டைகளுக்கு மேலே கால்களை அகட்டி நின்று இரண்டு சிறகையும் விரித்தாள். முதுகு எரிந்தது. நாக்கு உலர்ந்தது. அலகை இறுக மூடியிருந்தாள். காற்று ஒரு சருகை உருட்டிக்கொண்டு வந்தது. தொண்டை தானாக எழும்பியது. விழுங்கிக்கொண்டாள். தூரத்தில் ஒரு பருந்து வட்டம் போட்டது. அதையும் விழுங்கினாள். பிறந்த நாளிலிருந்து இப்படி விழுங்கியதில்லை.

காத்தமுத்து மடைக்குப் பறந்து போனான். அங்கே கொஞ்சம் தண்ணீர்தான் இருந்தது. அதில் வயிற்று இறகுகளை அழுத்தி நனைத்துக்கொண்டு வந்து, முட்டையைச் சுற்றியிருந்த கல்மேல் சொட்டவிட்டான். மறுபடி போனான். மறுபடி வந்தான். கல் ஆறத் தொடங்கியது. நாலாவது நடைக்குப் பிறகு ஒச்சாயி ஒரு காலைத் தூக்கி ஆட்டினாள். சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

உள்ளே இழைகள் ஒவ்வொன்றாகத் தம் வழியைத் தேடிக்கொண்டிருந்தன. கூசுகிற பக்கத்தை உள்ளே இழுப்பது, ஒரு சுற்றுச் சுற்றுவது, தப்பாகப் போனால் பிரித்து மறுபடி சுற்றுவது. அவசரமில்லாத வேலை. மூக்காயியின் காலுக்கு அது தெரிந்தது. ஓட்டுக்குள் ஏதோ இளகுகிறது. கல்லாக இருந்தது கூழாகிறது. ஒரு முட்டையின் ஓரத்தில் தண்ணீர் ஆடுகிற மாதிரிகூட இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம். பனை நிழல் கிழக்கே நீண்டு, கரையைத் தொட ஒரு கோல் தூரம்தான் பாக்கி.

காத்தமுத்து கடைசி நடைக்குப் போனபோது மடையில் தண்ணீர் இல்லை. அவனும் உடும்பும் சேர்ந்து தீர்த்துவிட்டார்கள். கறுப்புச் சேறுதான் மிச்சம். சேற்றிலும் ஈரம் இருக்கிறதே என்று நினைத்தான். மார்பு, வயிறு, கழுத்து எல்லாவற்றையும் அதில் போட்டுப் புரட்டினான். வெள்ளை வயிறு கறுத்துப்போனது. கன்னத்துச் சிவப்புத் தோலும் சேற்றுக்குள் மறைந்தது. பறக்கப் பார்த்தான். கனம் தாளாமல் சிறகு படபடவென்று அடித்தது. சத்தம் ஆகாதே என்று மடக்கிக்கொண்டான். நடந்தே போய்விடலாம். காலடிச் சத்தமும் கேட்கக்கூடாது. உடம்பைத் தாழ்த்தி, கழுத்தை உள்ளிழுத்து, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தான்.

சூரியன் அவனுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

மூக்காயி நிமிர்ந்து பார்த்தாள். மேற்கே, வெளிச்சத்துக்கு நடுவில், கறுப்பாக ஒன்று தரையோடு தரையாக வருகிறது. நேராக முட்டையைப் பார்த்து வருகிறது. குரல் கொடுக்கவில்லை. நிற்கிறது, வருகிறது, நிற்கிறது. அவள் தொண்டை எழும்பியது. விழுங்கினாள். அது இன்னும் இரண்டடி வைத்தது. வேண்டியவன் என்றால் குரல் கொடுத்திருப்பான். குரல் கொடுக்காமல் வருகிறவன் யார் என்று அவள் உடம்புக்குத் தெரியும். அதற்கு மூளையைக் கேட்க வேண்டியதில்லை.

கத்திவிட்டாள்.

பகல் முழுக்க விழுங்கி வைத்த அத்தனையும் அந்த ஒரு குரலில் வந்தது. அடுத்த கண்மாய் ஆள்காட்டி அதை வாங்கிக் கத்தியது. அதற்கடுத்தது வாங்கியது. வாய்க்கட்டு இவளுடைய கண்மாய்க்குத்தானே, அவர்களுக்கு என்ன தெரியும். குரல் ஊர் ஊராகப் போனது. மலைவரை போனது. கடல்வரை போனது. மூக்காயி உடனே வாயை மூடிக்கொண்டாள். மூடி என்ன.

முட்டைக்குள் பாதி மடிந்தும் மடியாமலும் நின்ற இழைகள் திடுக்கிட்டன. கூசும் பக்கத்தை மறைக்க நேரமில்லை. எது பக்கத்தில் நின்றதோ அதைக் கட்டிக்கொண்டன. அலகாக வேண்டியது காலாக வேண்டியதைப் பிடித்தது. கண்ணாக வேண்டியது இரண்டையும் பிடித்தது. ஒன்றை ஒன்று விடவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. அந்தக் குரல் போன இடமெல்லாம், கேட்ட உடம்பிலெல்லாம் இருந்த இழைகள் நடுங்கின. இழைக்குத் தீராத பயம் என்று ஒன்று அன்றைக்குத்தான் வந்தது.

கறுப்பாக வந்தது நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே நின்றது. "நான்தான்" என்றது மெதுவாக.

மூக்காயி அவனைப் பார்த்தாள். சேற்றுக்குள்ளே இருந்த கண் காத்தமுத்துவின் கண்தான்.

ஒச்சாயி நான்கு முட்டையிலும் கால் வைத்துப் பார்த்தாள். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. இறங்கிப் போகத் திரும்பினாள்.

"அக்கா" என்றாள் மூக்காயி. "அவுத்து விடு. உன்னால முடியாத நூலா?"

"நூலுன்னா அவுப்பேன்."

"ஒண்ணையாவது."

ஒச்சாயி கொஞ்சம் நின்றாள். பிறகு ஒரு முட்டையின் ஓட்டில் பொடித் துளை போட்டு, காலை உள்ளே விட்டு, ஓர் இழையின் முனையைத் தேடினாள். இருட்டும்வரை தேடினாள். இழுத்தால் பத்து சேர்ந்து வந்தது. அந்தப் பத்தைப் பிரிக்கப் போனால் அறுந்தது. காலை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"எது எவன் காலுன்னே தெரியல. எல்லாம் ஒரே கட்டி."

"நாளைக்குப் பாக்கலாமா? ஆறிருச்சுன்னா…"

"ஆறினது ஆறித்தான் இருக்கு. இனி ஆறி என்ன செய்ய. எந்திரி மூக்காயி."

அவள் எழுந்திருக்கவில்லை. முட்டைகளை அடிவயிற்றுக்குள் சேர்த்து உட்கார்ந்துகொண்டாள். காத்தமுத்து எதிரே நின்றான். சேறு காய்ந்து இறகு இறகாக வெடித்தது. அவன் தட்டிவிட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"ஏன் மச்சான் குரல் குடுக்கல?"

"நீதான குடுக்க வேண்டாம்னே."

 

வைகாசி வந்தது. கவுதாரிக் குஞ்சுகள் வளர்ந்து இரை பொறுக்கப் போயின. மூக்காயி உட்கார்ந்தே இருந்தாள். குஞ்சு பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போனது. அதற்கப்புறமும் உட்கார்ந்தாள். உடும்பு ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தது. தூரத்திலேயே நின்று, "நான் உடும்பு, வழியாத்தான் போறேன்" என்று குரல் கொடுத்தது. அவள் தலையைத் திருப்பவில்லை. அது முட்டையையும் பார்த்தது, அவளையும் பார்த்தது. தின்னக் கூப்பிட்டாலும் தின்ன மனசு வந்திருக்காது. சுற்றிக்கொண்டு போய்விட்டது.

ஆனியில் முதல் மழைக்குக் கண்மாயில் தண்ணீர் ஏறியது. குழிக்குள் வந்தது. முட்டைகள் மிதந்தன. துளைபோட்ட முட்டை ஓடு விரிந்து உள்ளே இருந்தது தெரிந்தது. வெள்ளை வெளேரென்று, கட்டியாக. அதைப் பார்த்தபிறகுதான் மூக்காயி எழுந்தாள். காத்தமுத்து முன்னால் நடந்தான். அவள் பின்னால் போனாள்.

கீழக்கண்மாயில் அதற்கப்புறம் வாய்க்கட்டு விழவில்லை. விழுந்தும் பயனில்லை. ஒரு தடவை தவளைக்குஞ்சு ஒன்று பாறைமேல் கிடந்து வெந்தது. எல்லாரும் பழைய நினைப்பில் வாயை மூடிக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். குஞ்சு திரும்பவில்லை. தவளைத் தாய் யாரையும் திட்டவில்லை. ஆள்காட்டிகள் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டாள். மூக்காயிக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த பங்குனியில் மூக்காயி மறுபடி நான்கு முட்டை இட்டாள். வெயில் நிமிரும் முன்பே காத்தமுத்து தண்ணீருக்கு ஓடிவிட்டான். அவள் முட்டைமேல் நின்று, அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்தால் ஆறிக்கொள்ளும் என்று சொல்ல இப்போது யாருக்கும் வாய் வரவில்லை.

முட்டை ஆறினாலும் பச்சையாகாமல் போனது, திரிந்த பால் திரிந்தே கிடப்பது, வயதானால் கண்மணியில் விழும் வெள்ளை தெளியாதது, எல்லாம் அந்த ஒரு குரலுக்கு மிரண்ட இழைகளின் வேலை. கேட்ட பயம் இன்னும் போகவில்லை.

அன்று முதல்தான் ஆள்காட்டி கோடையின் உச்சிப்பொழுதில் வயிற்றை நனைத்துக்கொண்டு முட்டைக்கு ஓடுகிறது. ஓடும்போது வழியெல்லாம் கத்திக்கொண்டே போகிறது. கேட்கிறவர்கள் யாரையோ காட்டிக்கொடுக்கிறது என்கிறார்கள். அது தன் பெண்டாட்டியிடம் "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டு போகிறது.